எழுநூற்றைம்பது மில்லி

இந்த ஊரில் மழைக்கு மட்டும் அளவில்லை.
கால்வே விரிகுடாவிலிருந்து கிளம்பி
பக்கவாட்டில் வந்து அறையும்.
குடை விரிப்பவர் வெளியூர்க்காரர்.
டயாலிசிஸ் பிரிவின் கண்ணாடியில் அது வழிவதை
ஒன்பது நாற்காலிகளிலிருந்து
ஒன்பது பேர் பார்க்கிறார்கள்.
நாளொன்றுக்கு முக்கால் லிட்டர்தான் அவர்களுக்கு.

வங்கியில் பதினான்கு வருடம் பணம் எண்ணியவள் நான்.
நாற்பத்து மூன்று வயதில் முதுகலை:
மருத்துவ நலவாழ்வு உளவியல்.
அதே விரல்கள்; இப்போது
பிறர் தாகத்தை எண்ணுகின்றன.
இருபத்தெட்டுக் கேள்விகள்,
ஒன்றிலிருந்து ஏழுக்குள் வட்டமிடவும்.

ஆய்வுத் திட்டத்தில் ஓர்லா ஹெஷன்
ஒரே ஒரு சொல்லைத்தான் சிவப்பில் அடித்தார்:
'ஒத்துழைக்காதவர்'.
ஓரத்தில் எழுதியிருந்தார்: யாரோடு?

நான்காம் நாற்காலி, கோல்மன் ஃபோலன்.
முப்பத்தாறு வயது. தீவுப் படகில் கயிறு வீசியவர்.
வீசிய கையில் இன்று நரம்பு தடித்துப் புடைத்து,
விரல் வைத்தால்
பூனை போல உள்ளே உறுமுகிறது.
அவருடைய நாட்குறிப்பு பழுதற்றது.
திங்கள் எழுநூற்றைம்பது. செவ்வாய் எழுநூற்றைம்பது.
தராசு மட்டும் ஒவ்வொரு முறையும்
மூன்றரைக் கிலோ தண்ணீரைக் காட்டிக்கொடுத்தது.

வகுப்பில் எங்களுக்கும் ஒரு பயிற்சி வந்தது:
ஒரு நாள், அதே அளவு, அதே நாட்குறிப்பு.
காலைத் தேநீர் இருநூறு.
மாத்திரைக்குப் பதிலாக ஒரு புதினா மிட்டாய், அதற்கு ஐம்பது.
சூப்பும் கணக்கில் சேரும் என்பது
பாதி கிண்ணம் காலியான பின்தான் நினைவுக்கு வந்தது.
மாலை நான்கு மணி, நூலகம், மூன்றாம் மாடி;
நாக்கு என் வாய்க்குள் இன்னொருவருடையதாக இருந்தது.
கழிப்பறைக் குழாயில் கைகுவித்துக் குடித்தேன்.
எத்தனை மில்லி? தெரியாது,
உள்ளங்கையில் அளவுக்கோடு இல்லை.

இரவு எழுதினேன்: எழுநூற்றைம்பது.

மதிப்பெண் கிடையாது. யாரும் பார்க்கவில்லை.
ஒரு சென்ட் குறைந்தால்
கதவடைத்த பிறகும் உட்கார்ந்து தேடியவள் நான்.

வியாழக்கிழமை அதைக் கோல்மனிடம் சொன்னேன்.
சிரிப்பார் என்று நினைத்தேன்.
தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.
'தாகத்தை விடுங்கள்,' என்றார்,
'தாகம் எனக்குப் பழக்கம்.
நான் சீட்டு விற்கிறேன்.
ஹர்லிங் கிளப்பின் வாரக் குலுக்கல், இரண்டு யூரோ.
படகு போன பிறகு எனக்கு மிஞ்சியது அது ஒன்று.
பதினோரு வீடு. பதினோரு கெட்டில்.
வேண்டாம் என்று சொன்னால்
கோப்பையை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள்.
அந்தப் பார்வைக்குத்தான் குடிக்கிறேன்.'

என் முதல் அத்தியாயத்தில் ஒரு படம் உண்டு:
நம்பிக்கை, நோக்கம், தன்னாற்றல், நடத்தை.
நான்கு பெட்டிகள், ஐந்து அம்புகள்.
பதினோரு கெட்டிலை எந்த அம்பில் மாட்டுவது?

இருவரும் பேசிப் பேசி
ஒரு முட்டைக் கிண்ணத்தில் வந்து நின்றோம்.
வேகவைத்த முட்டையை நிறுத்தி வைக்கும் பீங்கான்;
நாற்பது மில்லி பிடிக்கும், அளந்து பார்த்தோம்.
கோட்டுப் பையில் அதைப் போட்டுக்கொண்டு
வீடு வீடாக நீட்டினார்.
கனீலி வீட்டில் வயிறு வலிக்கச் சிரித்தார்களாம்.
சீட்டு கூடுதலாக விற்றதாம்.

இரண்டு வாரம் தராசு இறங்கியது.
மூன்றாவது வாரம் ஏறியது, நான்கு கிலோ.
'கிறிஸ்துமஸ்,' என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.
கிண்ணம் பையிலேயே இருந்தது.

இதை எந்த அத்தியாயத்தில் வைப்பது?
ஒரே ஒரு ஆள். ஒரு முட்டைக் கிண்ணம்.
புள்ளியியல் இதைத் தும்மல் என்று கடந்துபோகும்.
இன்றைக்கு நான் செய்தது இவ்வளவுதான்:
பின்னிணைப்பில் என் பெயரிட்ட நாட்குறிப்பை எடுத்து,
எழுநூற்றைம்பதை ஒற்றைக் கோட்டால் அடித்து,
பக்கத்தில் எழுதினேன்:
குழாய். கைகுவித்து. இரண்டு முறை.

வெளியே பக்கவாட்டில் மழை.
தலைமை நர்ஸ் கேட்டாள், தேநீர் வேண்டுமா என்று.
நான்காம் நாற்காலி தூங்குகிறதா என்று
முதலில் திரும்பிப் பார்த்தேன்.